கிராமத்தில் நல்ல இணையம் பெறுவது எப்படி: ஊரிலேயே இருந்து வேலை செய்ய விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் கிராமத்தை விட்டுக் கிளம்புவதற்குத் தண்ணீர், வேலை, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் என்று சில காரணங்கள் வழிவழியாகச் சொல்லப்படுகின்றன. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 44 பேர் நகரங்களில் வாழ்ந்த மாநிலத்தில், 2011-இல் அந்த எண் 48-ஐத் தாண்டியிருந்தது. அந்தப் பழைய காரணங்களோடு இப்போது இணையமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2020 மார்ச் ஊரடங்கின்போது சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் மடிக்கணினியோடு ஊர் திரும்பியவர்களில் பலர், சம்பளம் குறையாமல் பெற்றோரோடும் இருக்கலாம், வயலையும் கவனிக்கலாம் என்பதை முதன்முறையாகக் கண்டார்கள். வீடியோ கூட்டத்தின் நடுவே குரல் விட்டுவிட்டுக் கேட்கும் ஊர்களில் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. மொட்டைமாடியில் குடை பிடித்து உட்கார்ந்து எத்தனை நாளைக்கு வேலை செய்ய முடியும்?

நல்ல இணையம் வந்துவிட்டால் இடப்பெயர்வு நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்து இல்லாத, மேல்நிலைப்பள்ளி இல்லாத, பிரசவத்துக்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டிய ஊரிலிருந்து மக்கள் வெளியேறத்தான் செய்வார்கள். ஆனால் ஊரில் இருக்க மனமும் அதற்கேற்ற தொழிலும் இருந்தும், நெட் இல்லை என்ற ஒரே காரணத்தால் மூட்டை கட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் சிலராவது இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை இழக்க விரும்பாத வார்டு உறுப்பினர்கள், மகளிர் குழுவினர், ஆசிரியர்கள் ஆகியோருக்காகவும் இது எழுதப்படுகிறது. பழுது எங்கே என்று கண்டறிவது, வீட்டளவில் சரிசெய்யக்கூடியவற்றைச் சரிசெய்வது, ஊராகச் சேர்ந்து கேட்பது, கிடைத்த இணைப்பை ஊருக்குப் பயன்படும்படி வைத்துக்கொள்வது என்ற வரிசையில் செல்லலாம்.

தடை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

'நெட் ஸ்லோவாக இருக்கிறது' என்ற ஒரே புகாருக்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கலாம். வீட்டுக்குள் வைஃபை சரியாகப் பரவாமல் இருக்கலாம். வீட்டுக்கு வரும் ஃபைபர் (ஒளியிழை) கம்பியிலோ டவரிலிருந்து வரும் சிக்னலிலோ குறை இருக்கலாம். சிக்னல் முழுதாக இருந்தும் ஒரே டவரை அளவுக்கு மீறிய பேர் பயன்படுத்தலாம். அல்லது டவருக்கோ கேபிள்காரரின் நிலையத்துக்கோ பின்னாலிருந்து வரும் முதன்மை வழியே குறுகலாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு, கேட்க வேண்டிய ஆளும் வேறு. இதைப் பிரித்தறியாமல் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பதால் பணம்தான் கரைகிறது.

பிரித்தறிய ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வார காலமும் போதும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டிருக்கும் மைஸ்பீடு செயலியைக் கைபேசியில் நிறுவிக்கொண்டு, விடியற்காலை, பிற்பகல், இரவு 8 மணிக்கு மேல் என்று நாளுக்கு மூன்று முறை ஒரே இடத்தில் நின்று அளந்து, தேதி, நேரம், இடம், பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், தாமதம் (லேட்டன்சி) ஆகியவற்றை எழுதுங்கள். வேறு செயலிகளாலும் அளக்கலாம். ஆனால் இந்தச் செயலியின் முடிவுகளை ஒழுங்குமுறை ஆணையத்துக்கே அனுப்பலாம் என்பதால், உங்கள் ஊரின் நிலைமை அதன் பதிவிலும் ஏறும். வைஃபை வழியாகவும், முடிந்தால் கம்பி வழியாக நேரடியாக மடிக்கணினியை இணைத்தும், சிம் வழியாகவும் தனித்தனியே அளப்பது அவசியம்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டினால் பழுது தானாகவே தெரியும். விடியற்காலையில் 30 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 30 மெகாபிட்) வந்து இரவில் 1 எம்.பி.பி.எஸ்.-க்கு இறங்கினால் அது நெரிசல். உங்கள் வீட்டில் எந்தக் கருவியை வாங்கி வைத்தாலும் அது தீராது. எந்நேரமும் ஒரே மந்தமாக இருந்தால் சிக்னலிலோ கம்பியிலோ குறை. ரவுட்டர் அருகில் நன்றாகவும் பின்கட்டில் மோசமாகவும் இருந்தால் வைஃபைதான் காரணம். ரவுட்டரை இரும்பு பீரோவின் பின்னாலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வைத்தாலே பாதி சரியாகிவிடும். பழைய வீடுகளின் ஒன்றரை அடிக் கனச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எளிதில் கடக்காது, அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

பதிவேற்ற வேகத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. படம் பார்ப்பவருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். வேலை செய்பவருக்கு அதுதான் உயிர். நீங்கள் பேசுவது எதிர்முனைக்குத் தெளிவாகப் போய்ச்சேர வேண்டுமென்றால், பதிவேற்றம் குறைந்தது 1.5 முதல் 2 எம்.பி.பி.எஸ். வரை நிலையாக இருக்க வேண்டும். 1 ஜி.பி. அளவுள்ள ஒரு கோப்பை 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் மேலேற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், திருமண வீடியோ தொகுப்பவரும் கட்டட வரைபடம் வரைபவரும் ஏன் டவுனுக்கு ஓடுகிறார்கள் என்பது விளங்கும். 2023 ஜனவரியில் மத்திய அரசு அகன்ற அலைவரிசைக்கான குறைந்தபட்சப் பதிவிறக்க வேகத்தை 512 கே.பி.பி.எஸ்.-இலிருந்து 2 எம்.பி.பி.எஸ்.-ஆக உயர்த்தியது. உங்கள் நோட்டில் அதற்கும் கீழே எண்கள் இருந்தால், பிராட்பேண்ட் என்று பெயரிட்டு விற்கப்படும் சேவை அந்த வரையறைக்குள்ளேயே வரவில்லை என்று மனுவில் எழுதலாம்.

வீட்டளவில் செய்யக்கூடியவை

ஏற்கெனவே ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியின் விளக்குகளை. பான் (PON) என்று எழுதப்பட்ட விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால் கம்பி உயிரோடு இருக்கிறது. எல்.ஓ.எஸ். (LOS) என்ற விளக்கு சிவப்பில் மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை. பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, லைன்மேன் வர வேண்டும். அவர் வரும்போது, ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரில் காட்டும் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் நல்லது; மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு நிலைக்காது, மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிட்டு வரும். ஜன்னல் கதவில் நசுங்கிய கம்பி, ஆணியில் இறுக்கி மடக்கப்பட்ட கம்பி, டேப் சுற்றி ஒட்டுப்போட்ட இணைப்பு ஆகியவையே பெரும்பாலும் அந்த எண்ணைக் கெடுப்பவை. எண்ணைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளருக்கு வேலை ஒழுங்காகச் செய்து தரப்படுகிறது என்பது என் அனுபவம்.

கம்பியே வராத ஊரில் சிம்தான் வழி. அங்கே அலைவரிசையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவுக்குப் பரவும், சுவருக்குள்ளும் நுழையும். ஆனால் கொள்ளளவு குறைவு. 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் நிறைய தரவைச் சுமக்கும். ஆனால் டவருக்கு அருகில் மட்டுமே வலுவாக இருக்கும், தென்னந்தோப்பு குறுக்கே வந்தாலே தளர்ந்துவிடும். 4ஜி-க்கு பி.எஸ்.என்.எல். 700, 2100 ஆகிய அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. பழைய கைபேசி ஒன்று 700-ஐப் பிடிக்காத வகையாக இருந்தால், ஊரில் அந்த டவர் வந்த பிறகும் அந்த வீட்டுக்கு மட்டும் சிக்னல் வரவில்லை என்ற குறை நீடிக்கும்.

சிக்னலின் வலிமையைக் கோடுகளை எண்ணிப் பார்க்க வேண்டாம். கைபேசியின் அமைப்புகளில் சிம் நிலை என்ற பக்கத்தில் மைனஸ் குறியோடு ஓர் எண் இருக்கும். 4ஜி-யில் மைனஸ் 90-க்கு மேலே இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 105 வரை சமாளிக்கலாம். மைனஸ் 115 என்றால் பேச்சே அறுபடும். தகரக் கூரை போட்ட வீட்டின் உள்ளே மைனஸ் 114 காட்டும் அதே கைபேசி, வாசலில் பத்தடி தள்ளி மைனஸ் 98 காட்டுவது சாதாரணம். இந்த இடைவெளி இருக்கும் வீடுகளுக்கு, சிம் போடும் வசதியுள்ள வெளிப்புற 4ஜி ரவுட்டரோ, வெளி ஆன்டெனா மாட்டக்கூடிய ரவுட்டரோ மிகப் பெரிய மாற்றத்தைத் தரும். மத்திய அரசின் தரங் சஞ்சார் தளத்தில் சுற்றியுள்ள டவர்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, ஆன்டெனாவை அந்தத் திசைக்கு மெதுவாகத் திருப்பி, மைனஸ் எண் பூஜ்யத்துக்கு மிக நெருங்கி வரும் இடத்தில் இறுக்குங்கள். குழாய்க் கம்பத்தில் உயரமாக மாட்டினால், இடிமின்னலுக்குத் தரை இணைப்பு கட்டாயம். ஐப்பசி மழையில் கருவி எரிந்தால் செலவு இரட்டிப்பாகும். ஒன்றை மறக்க வேண்டாம்: நோட்டில் பழுது நெரிசல் என்று தெரிந்திருந்தால் ஆன்டெனா வாங்காதீர்கள். அப்போது வேறு நிறுவனத்தின் சிம்மை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, இரவு 9 மணிக்கு அளந்து பார்த்துவிட்டு மாறுவதே சரி. ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எங்கெங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டின் சேவைத்தர விதிமுறைகளில் டிராய் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் ஊர் அதில் வண்ணம் தீட்டப்பட்டிருந்து, நோட்டில் உள்ள எண்கள் வேறு கதை சொன்னால், அந்த இரண்டையும் சேர்த்துப் புகாருடன் இணைத்துவிடுங்கள்.

மின்தடையையும் இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலானவை 12 வோல்ட்டில் இயங்குகின்றன. கையடக்கமான மினி யு.பி.எஸ். ஒன்றை ஏறத்தாழ 1,500 ரூபாய்க்கு வாங்கி இடையில் மாட்டினால் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே உள்ள ஒளியிழைக்கு மின்சாரம் தேவையில்லை; ஆகவே மின்தடையின்போது உங்கள் பெட்டியில் விளக்கு எரிந்தும் நெட் வராமல் போனால், கேபிள்காரரின் நிலையத்தில் பேட்டரி இல்லை என்று பொருள். ஐம்பது இணைப்புகள் தாண்டிய எந்த ஊரிலும் அதை அவரிடம் உரிமையோடு கேட்கலாம்.

ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் பெட்டியைத் தேடுங்கள்

வீட்டளவில் இவ்வளவுதான் முடியும். ஊருக்கே நல்ல இணையம் வேண்டுமென்றால் டவரைவிட ஃபைபரைக் கேட்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. டவர் வந்தாலும் அதற்குப் பின்னால் ஃபைபர் இல்லாவிட்டால் இரண்டு ஆண்டில் அதுவும் நெரிசலாகிவிடும்; ஃபைபர் வந்துவிட்டால் டவரும் அதன் தோளில் ஏறிக்கொள்ளும்.

இதற்கான அடித்தளம் பல ஊர்களில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நாட்டின் ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் அதன் இரண்டாம் கட்டத்தை மாநில அரசே டான்ஃபினெட் என்ற தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தின் வழியாக நிறைவேற்றுகிறது. 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைப்பது அதன் இலக்கு. ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஊராட்சி வரை, பெரும்பகுதி கம்பங்களின் மீதாகவே இழை கொண்டுவரப்படுகிறது. ஊராட்சி அலுவலகத்திலோ கிராம ஊராட்சி சேவை மையக் கட்டடத்திலோ இரும்பு அலமாரி ஒன்று, இணையக் கருவியோடும் பேட்டரியோடும் நிறுவப்பட்டிருக்கும்.

அங்கே போய் நேரில் பாருங்கள். அலமாரி இருக்கிறதா, அதற்கு மின் இணைப்பு கொடுக்கப்பட்டிருக்கிறதா, உள்ளே விளக்கு எரிகிறதா, பேட்டரி இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, பழுது என்றால் யாரை அழைக்க வேண்டும் என்று கதவில் எண் ஒட்டப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஊராட்சிச் செயலாளரிடம் விடை கேட்டு, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்ற தெளிவின்மையால் கருவி அணைந்தே கிடப்பதும், அலுவலகம் பூட்டப்படும் மாலை நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவதால் இரவெல்லாம் இணைப்பு சாவதும் கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடிய இந்தக் காரணங்களால் மாதக்கணக்கில் பயனில்லாமல் கிடக்கும் கருவிகள் உண்டு.

இந்தத் திட்டத்தின் முதல் கட்டங்களில் இழை ஒரே நேர்கோட்டில் ஊர் ஊராகச் சென்றது. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருட்டாகிவிடும். 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம், இழையை வளையமாக அமைக்க வகை செய்கிறது; ஒருபுறம் அறுந்தாலும் மறுபுறமாகத் தரவு வந்து சேரும். உங்கள் ஊராட்சி வளையத்தில் இருக்கிறதா, கோட்டின் கடைசியில் இருக்கிறதா என்று கேட்பது மனுவில் இடம்பெற வேண்டிய கேள்வி. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதம் 2002 முதல் ஊரகச் சேவைக்கென்று பிடிக்கப்படுகிறது. அந்த நிதியின் இன்றைய பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் செய்த ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதற்கான பங்கு இருக்கிறது. கையேந்திக் கேட்கும் தொனி மனுவில் இருக்கத் தேவையில்லை.

ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழையை வீடுகளுக்குக் கொண்டுபோகும் கடைசிக் கட்டத்தில்தான் பெரும்பாலான ஊர்கள் நின்றுவிடுகின்றன. அதைச் செய்பவர் உள்ளூர் கேபிள்காரர், பி.எஸ்.என்.எல். நிறுவனத்தோடோ வேறு நிறுவனத்தோடோ வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கிறார். ஐந்து வீட்டுக்காக மூன்று கிலோமீட்டர் கம்பி இழுக்க அவருக்குக் கட்டுபடியாகாது, அதில் தவறும் இல்லை. ஆகவே போகும்போது பட்டியலோடு போங்கள். தெருவாரியாகக் குடும்பத் தலைவர் பெயர், மாதம் எவ்வளவு கட்ட முடியும், என்றைக்கு இணைப்பு வேண்டும் என்று எழுதி, கையெழுத்து வாங்கி, முடிந்தால் நிறுவும் கட்டணத்தில் ஒரு பகுதியை மகளிர் குழுவின் கணக்கில் முன்பணமாகச் சேர்த்துவையுங்கள். பள்ளி, பால் கூட்டுறவுச் சங்கம், நியாயவிலைக் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், இ-சேவை மையம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். தவறாமல் கட்டணம் கட்டும் இடங்கள் என்பதால் கேபிள்காரருக்கு அவை தைரியம் தரும். கம்பி எந்தக் கம்பங்கள் வழியாக வரலாம், யாருடைய தோட்டத்தைக் கடக்க வேண்டும், அவர் சம்மதிக்கிறாரா என்பதை ஒரு கைவரைபடமாக வரைந்து கொடுத்தால், அவர் செய்ய வேண்டிய கள ஆய்வில் பாதியை நீங்கள் முடித்துக் கொடுத்தவர்களாவீர்கள்.

இங்கிலாந்தில் லங்காஷயரின் மலைக்கிராமங்கள் 2011-இல் பி4ஆர்என் என்ற அமைப்பைத் தொடங்கி, பெரிய நிறுவனங்கள் கைவிட்ட வீடுகளுக்குத் தாங்களே ஃபைபர் கொண்டுவந்த முறையில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே செலவைக் குறைத்தது விவசாயிகளின் சம்மதம்: சாலையைத் தோண்டாமல் வயல் வழியாகக் குழாய் புதைக்க நிலத்துக்காரர்கள் இடம் கொடுத்தார்கள், பள்ளம் தோண்டுவதிலும் ஊர்க்காரர்களே இறங்கினார்கள். நம் சட்டப்படி சேவையை உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாகத்தான் நடத்த வேண்டும். ஆனால் வழி கொடுப்பதும் பள்ளம் தோண்டிக் கொடுப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.

மனுவை எழுதும் முறை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி மனிதரின் மனுவுக்கும் கிராம சபைத் தீர்மானத்துக்கும் அலுவலகங்களில் கிடைக்கும் மரியாதை வேறு. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தலைவரிடமோ, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடமோ பொருளை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கூட்டம் முடிவதற்குள் தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதை நேரில் பார்த்துவிட்டுக் கிளம்புவதும் நகல் கேட்டு வாங்குவதும் முக்கியம்.

தீர்மானத்தின் வாசகம் இப்படி அமையலாம்: 'எங்கள் ஊராட்சிக்கு உட்பட்ட இத்தனை குக்கிராமங்களில் இத்தனை குடும்பங்கள் வசிக்கின்றன. ஊராட்சி அலுவலகத்தில் இந்தத் தேதியில் நிறுவப்பட்ட பாரத்நெட் கருவி இந்தத் தேதியிலிருந்து இயங்கவில்லை. இணைப்பில் உள்ள அளவீட்டுப் பட்டியலின்படி இரவு நேரத்தில் சராசரி வேகம் 2 எம்.பி.பி.எஸ்.-க்குக் கீழே உள்ளது. இணைப்பு வேண்டி இத்தனை வீடுகளும் இத்தனை நிறுவனங்களும் கையொப்பமிட்டுள்ளன. கருவியை இயக்கிவைக்கவும், பராமரிப்பாளரின் பெயரையும் தொடர்பு எண்ணையும் அலுவலக வாசலில் எழுதிவைக்கவும், வீட்டு இணைப்புகளுக்கு உள்ளூர் கேபிள் சேவையாளரை அனுமதிக்கவும் இச்சபை கோருகிறது. கம்பம் நடவும் இழை கொண்டுசெல்லவும் ஊராட்சி நிலங்களில் வழியுரிமை வழங்க இச்சபை ஒப்புதல் அளிக்கிறது.' கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வழியுரிமை கிடைக்கவில்லை என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகளோடு ஊரின் ஒப்புதலும் சேர்ந்துவிட்டால் அந்தக் காரணத்துக்கு இடமிருக்காது.

தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலர், டான்ஃபினெட், பி.எஸ்.என்.எல். மாவட்ட அலுவலகம் ஆகிய மூன்றுக்கும் சேர்ப்பித்ததற்கான சான்றுடன் விரைவஞ்சல் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து மனு எண் பெறுங்கள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில் 4ஜி சிக்னலே எட்டாத குக்கிராமமாக இருந்தால், 2022 ஜூலையில் ஒப்புதல் பெற்ற, நாடெங்கும் 24,680 கிராமங்களை உள்ளடக்கிய 4ஜி நிறைவுத் திட்டத்தின் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ஆவணத்தில் இருந்தே ஆக வேண்டியவற்றைக் கேளுங்கள்: கருவி நிறுவப்பட்ட நாள், இயக்கிவைக்கப்பட்ட நாள், கடந்த ஆறு மாதத்தில் அது இயங்காமல் இருந்த நாட்கள், பராமரிப்பு ஒப்பந்ததாரரின் பெயர், பழுதை எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது என்பன. இந்த ஐந்தும் கையில் கிடைத்தால் அடுத்த கிராம சபையில் பேசுவதற்கு வேறெதுவும் தேவைப்படாது.

தனிப்பட்ட இணைப்பில் குறை என்றால் வழி வேறு. முதலில் 198 என்ற கட்டணமில்லா எண்ணிலோ நிறுவனத்தின் செயலியிலோ புகார் செய்து புகார் எண் பெறுங்கள். தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு முறையிட வேண்டும். அதன் பிறகு தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவு. டிராய் தனிநபர் புகார்களைத் தீர்த்துவைப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

ஊருக்கு ஒரு வேலைக்கூடம்

எல்லா வீட்டிலும் தனி அறையும் அமைதியும் கிடைக்காது. பெண்களுக்கு இது இன்னும் கடினம். வீட்டில் இருக்கிறாள் என்றால் எப்போதும் கூப்பிடலாம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பயன்படாமல் கிடக்கும் பழைய நூலகக் கட்டடத்தையோ சேவை மையத்தின் மேல்மாடியையோ ஊராட்சியின் அனுமதியோடு எடுத்து, எட்டுப் பேர் உட்காரும் வேலைக்கூடமாக மாற்றுவது, பத்து வீட்டுக்குத் தனித்தனியே இன்வெர்ட்டர் வாங்குவதைவிட மலிவு. அங்கே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகள் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே கிளை முறிந்து இரண்டையும் கெடுக்கும், ஆகவே ஒன்று ஃபைபராகவும் மற்றது வெளி ஆன்டெனாவோடு கூடிய 4ஜி-யாகவும் இருப்பது நல்லது. வீடியோ கூட்டத்துக்கு மட்டும் கதவு உள்ள சிறு அறை ஒன்றைப் பிரித்துவிடுங்கள். கழிப்பறையும் குடிநீரும் இல்லாத கூடத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள்.

மாலையில் அதே இணைப்பை மாணவர்களுக்குத் திறந்துவிடலாம். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.-வாணி திட்டத்தில், உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் டீக்கடைக்காரர்கூடப் பொது வைஃபை நடத்தலாம். அப்படி நடத்துபவர்களுக்கு 200 எம்.பி.பி.எஸ். வரையிலான ஃபைபர் இணைப்பை, வீட்டு இணைப்பின் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்கக் கூடாது என்று டிராய் 2025 ஜூனில் ஆணையிட்டிருக்கிறது.

வேலை எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆதரவோடு தொடங்கிய தேசிக்ரூ என்ற நிறுவனம், திருவாரூர் மாவட்டத்தின் கொல்லுமாங்குடியில் தரவு வேலைக்கான மையம் நடத்தியது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் பத்தாண்டுக்கும் மேலாக அலுவலகம் வைத்திருக்கிறது. இவை நிறுவனங்கள் ஊரைத் தேடி வந்தவை. எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் வர மாட்டார். உங்கள் ஊரிலிருந்து வெளியே போய் வேலை செய்பவர்களின் பட்டியலை எடுத்து, யாருடைய வேலை வாரத்தில் மூன்று நாளாவது தொலைவிலிருந்து செய்யக்கூடியது என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய மேலாளரிடம் காட்ட, வேலைக்கூடத்தின் ஒரு மாத வேக அளவீடும் மின்தடைப் பதிவும் கொண்ட ஒரு பக்கத் தாளைத் தயாராக வைத்திருங்கள். திரும்பி வரத் தயங்குகிறவரின் மனைவிக்கும் கணவருக்கும் அந்தத் தாள் தேவைப்படும்.

இணைப்பு வந்த பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஜேசிபி. குடிநீர்க் குழாய்ப் பணியும் சாலை அகலப்படுத்தலும் நடக்கும் ஊரில் இழை மாதம் ஒரு முறை அறுபடுவது வழக்கமாகிவிட்டது. தோண்டுவதற்கு முன்பு நிலத்தடியில் உள்ள கம்பிகளின் உரிமையாளர்களுக்குத் தகவல் தரும் 'கால் பிஃபோர் யு டிக்' செயலி 2023 மார்ச்சிலிருந்து இருக்கிறது. ஒப்பந்ததாரர் அதில் பதிவு செய்தாரா என்று ஊராட்சி கேட்க வேண்டும். அதோடு, இழை புதைந்து செல்லும் பாதையில் ஐம்பதடிக்கு ஒரு கல் நட்டு மஞ்சள் வண்ணம் பூசி, கேபிள்காரர், லைன்மேன், டான்ஃபினெட் பராமரிப்பாளர் ஆகியோரின் எண்களை ஜேசிபி ஓட்டுநர்களிடமும் வேலைக்கூடத்தின் சுவரிலும் கொடுத்துவையுங்கள். அந்தக் கற்களின் இடங்களைக் குறித்த வரைபடம் ஒன்று ஊராட்சிப் பதிவேட்டிலும் ஒட்டப்பட்டிருக்கட்டும். செயலாளர் மாறினாலும் அது அங்கேயே இருக்கும்.